நெத்திலித் தளமும் பார் அலையும்: கடற்கரைத் திட்டம் வகுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

போன மாதம் எங்கள் குப்பத்தில் ஐஸ் பெட்டி வைக்கும் கொட்டகைச் சுவரில் உங்கள் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்ட வந்தவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பசை காய்வதற்குள் ஒரு ஆடு வந்து கீழ் மூலையைத் தின்றுவிட்டது. கருத்துச் சொல்லக் கடைசித் தேதி அந்த மூலையில்தான் இருந்திருக்க வேண்டும். மிச்சத்தைப் படித்தேன். "பயன்பாட்டில் இல்லாத சிமெண்ட் தளம்" இடிக்கப்படும். அந்த இடத்தில் வாகன நிறுத்தமும் செல்ஃபி முனையும் வரும். கடலுக்குள் இரண்டு தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து நீளும் கல் சுவர்கள், கட்டப்படும். அலைச்சறுக்கு முதலான கடல் விளையாட்டுகளை ஏலம் எடுக்கும் நிறுவனம் மட்டுமே இனி நடத்தலாம்.

பயன்பாட்டில் இல்லாத தளம் என்று எழுதியவர் எந்த நேரத்தில் வந்து பார்த்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். நடுப்பகல் 1 மணிக்கு வந்திருப்பார். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் நாய்கூட அதன் மேல் கால் வைக்காது.

நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு குப்பத்துக்காரன். வயது 34. உடைந்த சர்ஃப் போர்டுகளை ஒட்டுப்போட்டுக் கொடுப்பது தொழில். சீசன் இல்லாத நாட்களில் ஃபைபர் படகுக்கும் ஒட்டுப்போடுவேன். அந்தத் தளத்தின் கதையை நான் சொல்லாவிட்டால் உங்கள் கோப்பில் "பயன்பாட்டில் இல்லாத" என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 13 வயது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, நிவாரணப் பணத்தில், மீன் காயவைக்க என்று ஒரு தளம் போட்டுக் கொடுத்தார்கள். 60 அடி நீளம், 40 அடி அகலம். தண்ணீர் வடிவதற்காக நான்கு ஓரமும் தூக்கலாக, நடுவை நோக்கிச் சாய்வாக வைத்து, நடுவில் ஒரு வாய்க்கால் விட்டிருந்தார்கள். வரைந்தவர் நல்ல பொறியாளர்தான், ஆனால் நெத்திலி காயவைத்தவர் இல்லை. சித்திரை வெயிலில் தளம் தோசைக்கல் ஆகிவிடும். "இதுல போட்டா நெத்திலி காயாதுடா, வெந்துடும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பெண்கள் பழையபடி மணலில் வலையை விரித்து அதன் மேலேயே காயப்போட்டார்கள். மார்கழி, தை மாதங்களில், வெயில் இளசாக இருக்கும்போது மட்டும் காலையில் தளத்துக்கு வருவார்கள். மற்ற நேரமெல்லாம் அது பசங்களுக்கு.

நாங்கள் அங்கே முதலில் ஓட்டியது பேரிங் வண்டி. பலகைக்குக் கீழே இரண்டு கட்டை, கட்டை முனைகளில் மெக்கானிக் கடையில் தூக்கிப்போட்ட பழைய பேரிங். ஒருவன் உட்கார, ஒருவன் தள்ள, அந்தச் சத்தத்தில் கிழவிகள் சாபம் விட, ஓரத்துச் சாய்வில் ஏறி இறங்குவோம். சாய்வில் வேகம் பிடிக்கும் என்பதும், உடம்பை எந்தப் பக்கம் சாய்த்தால் வண்டி திரும்பும் என்பதும் அப்போதே எங்களுக்குத் தெரியும்.

சர்ஃப் போர்டை நான் முதலில் தொட்டது 2007இல். அதற்கு முன்னாலும் அலையில் ஏறிக்கொண்டுதான் இருந்தோம். உடைந்த கட்டுமரத்தின் ஒரு துண்டை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, அலை தூக்கும்போது காலால் அடித்தால் கரை வரை கொண்டுவந்து விட்டுவிடும். அது விளையாட்டு என்றோ அதற்கு ஒரு பெயர் உண்டு என்றோ எங்களுக்குத் தெரியாது. மாமல்லபுரத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்து அதே அலையில் எழுந்து நின்றபோது, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த என் நைனா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி வலையைப் பிரித்தார். "சோறு போடற கடல். அதுல போய் நின்னு ஆடறான் பாரு" என்றார்.

அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு போர்டு. எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று அலை, அப்புறம் அடுத்தவன். வழுக்காமல் இருக்க மேலே தேய்க்கும் மெழுகுக்கு வழியில்லாததால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். அது வெயிலில் உருகி மார்பு முழுக்க ஒட்டிக்கொள்ளும், அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாள்.

என் தொழில் தொடங்கியது ஒரு அவமானத்தில். சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போய் எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறினார்கள் இல்லையா, அதற்கு ஒட்டுப்போடுகிறவர் என் மாமா. கண்ணாடி இழை மேட் வெட்டுவது, ரெசின் என்ற பிசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலப்பது, காற்றுக்குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் தட்டுவது எல்லாம் அவரிடம் கற்றதுதான். 2010இல் ஒருவர் மூக்கு உடைந்த போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். படகு மாதிரிதானே என்று ஓட்டையில் ரெசினை ஊற்றினேன். ஊற்றின இடம் புஸ்ஸென்று உள்ளே போனது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கையளவு ஓட்டை தலையளவு ஆகிறது. உள்ளே இருந்தது தெர்மாகோல் வகை. படகுக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்துபோகும், அதற்கு எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின்தான் ஊற்ற வேண்டும். எனக்கு யார் சொன்னார்கள்? அவர் கோபப்படவில்லை. மறுமுறை வந்தபோது எபாக்ஸி டப்பா ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த டப்பாவில் ஆரம்பித்துத்தான் இன்று என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஸ்கேட்போர்டு வந்தது 2012 வாக்கில், அதுவும் யாரோ விட்டுப்போனது. கடல் அடங்கிக் குளம் மாதிரிக் கிடக்கும் நாட்களில் என்ன செய்வது? கலிஃபோர்னியாவில் 1950களில் சர்ஃபிங் பசங்களுக்கும் இதே கேள்விதான் வந்தது. அலை இல்லாத நாளில் பலகைக்கு அடியில் உருளை கட்டி நடைபாதையில் ஓட்டினார்கள். களிமண்ணும் இரும்புமாக இருந்த சக்கரம் 1970களில் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஆனது. சான்டா மோனிகா பசங்கள் வறட்சியில் காலியாகக் கிடந்த நீச்சல் குளங்களுக்குள் இறங்கி அலையில் திரும்புவது போலவே சுவரில் திரும்பினார்கள். எங்களுக்கு நீச்சல் குளத்துக்கு எங்கே போவது, நெத்திலித் தளத்து ஓரம் இருந்தது. பேரிங் வண்டி ஓட்டின அதே சாய்வு.

உப்புக் காற்றில் சக்கரத்துப் பேரிங் பத்து நாளில் துருப்பிடித்துவிடும். கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தேங்காயெண்ணெய் விட்டுச் சுழற்றுவோம். அதற்கும் மசியாவிட்டால் பாரிமுனைக்குப் பஸ் ஏறுவேன். சின்ன மோட்டார்களில் வரும் 608 பேரிங்கேதான் ஸ்கேட்போர்டுக்கும். கடைக்காரர் "எந்த மோட்டாருக்கு?" என்று கேட்பார். "கால் மோட்டாருக்கு" என்று ஒருமுறை சொன்னேன். எட்டு பேரிங்குக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

இந்தத் தளத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைக் கடலில் இறங்க விடமாட்டார்கள். பயமும் உண்டு, பேச்சும் உண்டு. என் அக்காவே தன் மகளைக் கடலுக்கு அனுப்ப மாட்டாள், நான் கூட இருந்தாலும். ஆனால் தளத்துக்கு அனுப்புவாள். ஏனென்றால் அது ஊர்ப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து மீன் பிரிக்கும் இடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அவளுக்கு 12 வயது. பள்ளிக்கூடத்துச் சுடிதாரோடு வந்து, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, முதலில் விளக்குமாற்றால் தளத்தைப் பெருக்குவாள். நெத்திலிச் செதில் ஒன்று சக்கரத்தில் சிக்கினாலும் ஆள் விழுவான். அப்புறம் கிழக்கு ஓரத்துச் சாய்வில் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, முழுக்கத் திரும்பி இறங்குவாள். எனக்கு இன்று வரை அது வரவில்லை. மீன் பிரிக்கிற கிழவிகள் இப்போது சாபம் விடுவதில்லை, "ஏய், இன்னொரு வாட்டி சுத்து" என்கிறார்கள்.

மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சின்ன வயதில் கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் இறங்கிய படத்தை உலகமே பார்த்தது. இன்று அவர் அலையிலும் போட்டியிடுகிறார். அப்படி ஒரு பெண் வருவதற்குத் தேவைப்பட்டது ஒரு சாய்வான தரையும், திட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பெரியவர்களும்தான். அந்த இரண்டும் எங்கள் ஊரில் இருக்கின்றன. ஒன்றை இடிக்கப் போகிறீர்கள்.

சரி, அலைக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு நேரே கடலுக்கு அடியில் ஒரு பார் இருக்கிறது. பாறைத் திட்டைத்தான் பார் என்போம். அதை அண்டி மணல் மேடு கட்டுகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை தெற்கிலிருந்து, இந்தியப் பெருங்கடலின் கீழ்க்கோடியில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிட்ட அலை வரும். காலையில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று அதன் முகத்தைத் துணி நீவின மாதிரி வைத்திருக்கும். அந்த அலை பாரில் ஏறி, கரையைப் பார்த்து நிற்பவனுக்கு வலப்பக்கமாக, வடக்கு நோக்கிச் சீராக உடைந்துகொண்டே போகும். நல்ல நாளில் ஏழு படகு நீளத்துக்கு ஓடலாம். பிற்பகல் கடற்காற்று எழுந்தால் எல்லாம் கலங்கிவிடும்.

சோறு போடுகிற கடலில் ஆடாதே என்ற நைனாதான் பிற்பாடு எங்களுக்கு வானிலை நிலையம் ஆனார். சாயங்காலம் கடலைப் பார்த்துக்கொண்டு பீடி பிடிப்பார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்பார். "தெண்டி நல்லா ஓடுது. நாளைக்கு விடியல்ல பார்ல அலை நிக்கும், போங்க" என்பார். போனால் நிற்கும். இன்றைக்கு ஃபோனில் வரும் அலைக் கணிப்பு அவர் அளவுக்கு எங்கள் பாரைச் சொல்வதில்லை.

அந்தத் தெண்டிதான் மணலையும் கொண்டுவருகிறது. வருடத்தில் பெரும்பகுதி மணல் இந்தக் கரையில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். இதற்கு நான் படித்தவனாக இருக்கத் தேவையில்லை, சென்னையைப் பார்த்தால் போதும். துறைமுகத்துக்கு 1876இல் வேலை தொடங்கினார்கள். தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் தின்றது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் போட்டார்கள். நகரத்து மணற்கரை காணாமல் போய், பல வருடம் ஜனங்கள் பாறையில் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்தார்கள். நகரத்தைக் காக்கப் போட்ட கல் அரிப்பை இன்னும் வடக்கே தள்ள, தந்திராயன்குப்பம் பக்கம், சர்ஃபிங் பசங்கள் போர்டு எடுத்துப்போகும் செரினிட்டி கரையிலும் கல் வந்தது. ஒரு கல் எப்போதும் அடுத்த கல்லைக் கேட்கும்.

எங்கள் ஊரிலேயே தூண்டில் வளைவு வேண்டும் என்கிறவர்கள் உண்டு. வடக்குத் தெருவில் நாலு வீட்டு வாசல் வரை கடல் வந்து போயிருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வீட்டில் நான் இருந்தால் நானும் கேட்பேன். ஆனால் உங்கள் வரைபடத்தில் இரண்டு வளைவும் அந்த வீடுகளுக்குத் தெற்கே, வாகன நிறுத்தத்துக்கு நேரே இருக்கின்றன. அப்படியானால் மணல் சேரப்போவது செல்ஃபி முனைக்கு. அரிக்கப்போவது அதே நாலு வீட்டுக்கு. இதை அவர்களுக்கு யாராவது விளக்கிச் சொன்னீர்களா? நான் வரைபடத்தைக் காட்டின பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. அந்தக் கவலை உண்மையானது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பையன்கள் ஜீன்ஸோடு இறங்குகிறார்கள், குடித்துவிட்டும் இறங்குகிறார்கள். ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் இழுப்பு எந்த இடத்தில் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதே இழுப்பில் போர்டை விட்டுத்தான் நாங்கள் துடுப்புப் போடாமலே வெளியே போவோம். இந்தப் பதினைந்து வருடத்தில் நானும் மற்ற பசங்களும் போர்டில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தவர்களை எண்ணிவைத்ததில்லை. கொண்டுவர முடியாதவர்களின் முகம் மட்டும் நினைவில் இருக்கிறது, இரண்டு பேர். கல்லைக் கொட்டினால் அதை ஒட்டிப் புதிதாக இழுப்பு உண்டாகும், கல்லில் மோதியும் அடிபடுவார்கள். அன்றைக்குக் காலை 6 மணிக்கே போர்டோடு கடலில் இருக்கிற எங்கள் பசங்களை ஏலத்தின் பேரால் வெளியே அனுப்பியிருப்பீர்கள். இழுத்துக்கொண்டு போகிறவனை யார் போய்ப் பிடிப்பது? எச்சரிக்கைப் பலகையா?

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. ஆளுக்கு ஒரு சர்ஃபிங் வகுப்பு என்று ஆரம்பித்து, ஆறு பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று கடலில் இறக்கிய ஆட்கள் எங்களிலும் உண்டு. கட்டணத்துக்கு வரைமுறை இல்லை. அதை ஒழுங்குபடுத்துங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒழுங்குபடுத்துவது வேறு, ஊரின் அலையை ஏலத்தில் விடுவது வேறு. ஏலம் எடுக்கப் பணம் உள்ளவர் வெளியிலிருந்து வருவார், பார் எங்கே இருக்கிறது என்று எங்களிடமே கேட்பார்.

2013இல் எங்கள் பக்கத்துக் கோவளத்தில் சர்ஃபிங் திருவிழா தொடங்கியபோது நாங்கள் எல்லாம் டெம்போ பிடித்துப் போய்ப் பார்த்தோம். மீன் பிடிக்கிற கையோடு மேடையில் ஏறி நின்ற பசங்களைப் பார்த்து என் நைனாவே கை தட்டினார். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அங்கேயே ஆசிய சாம்பியன்ஷிப், இந்திய வீரர் ரமேஷ் புதிகாலுக்கு வெண்கலம். சாலை நெடுக அலையில் நிற்கும் பிள்ளைகளின் படம் போட்டுத் தட்டி வைத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. அந்தத் தட்டியில் இருப்பது மாதிரியான பிள்ளைகள்தான் உங்கள் அறிவிப்பில் "அனுமதியின்றி கடல் விளையாட்டில் ஈடுபடுவோர்" என்று வருகிறார்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

தூண்டில் வளைவு வேலையை நிறுத்திவையுங்கள். மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு முழு வருடம், தெண்டியும் வன்னியும் பார்த்து, அளந்த பிறகு முடிவெடுங்கள். அந்த அறிக்கையைத் தமிழில் எங்களுக்குக் கொடுங்கள். வடக்குத் தெருவின் நாலு வீட்டுக்கு அதற்குள் என்ன பாதுகாப்பு என்பதைத் தனியாக, எழுத்தில் சொல்லுங்கள்.

தளத்தை இடிக்காதீர்கள். மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் கடற்கரைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். அதன்படி இந்தத் தளத்தைக் குறியுங்கள். காலையில் நெத்திலிக்கு, மாலையில் பிள்ளைகளுக்கு என்றே எழுதுங்கள். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் வடமேற்கு மூலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, அதைப் பூசிக் கொடுங்கள். ஒரு விளக்குக் கம்பமும் வேண்டும். வாகன நிறுத்தத்துக்குச் சாலையின் மேற்குப் பக்கம் இடம் இருக்கிறது, காட்டுகிறோம்.

ஏல முறையைக் கைவிடுங்கள். உயிர்காக்கும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் யாரும், ஒருவருக்கு இத்தனை மாணவர் என்ற வரம்போடு, கட்டுப்படியாகிற கட்டணத்தில் உரிமம் வாங்கலாம் என்று வையுங்கள். ஊர்ப் பிள்ளைகள் தங்கள் அலையில் ஏற எந்த உரிமமும் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் எங்கள் பசங்களில் நாலு பேரை உயிர்காப்பாளர்களாகச் சம்பளத்துக்கு வையுங்கள். இப்போது சும்மா செய்கிற வேலைதான்.

கடைசியாக, கருத்துக் கேட்புக் கூட்டத்தை உங்கள் அலுவலகத்தில் வைக்காமல் எங்கள் தளத்திலேயே வையுங்கள், மாலை 5 மணிக்கு. மீன் பிரிக்கிற பெண்களும் வர வேண்டும் என்றால் அந்த நேரம்தான் சரி. உங்களில் முடிந்தவர்கள் முதல் நாள் இரவே வந்து தங்கினால், விடியலில் பாரைக் காட்டுகிறேன். தேதியை மட்டும், தயவுசெய்து, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பார் அலையில் வளர்ந்தவர்களில் ஒருவன்